விடுதியில் ஒரே ஒரு கட்டில்

எட்மன்ரனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்தினால்
எனக்குக் கிடைப்பது பதினொரு நிமிடம்.
கழிப்பறைக்கு மூன்று, தேநீருக்கு ஒன்று,
மிச்சம் ஏழும்
ஹெஸ்டருக்கும் வினிஃப்ரட்டுக்கும்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறு.
கோடை வராமல் போன வருடம்,
யூனிலும் உறைபனி.
ஹெஸ்டர் கைம்பெண், மணிக்கூடு திருத்துகிறவள்.
மற்றவள் நில அளவையாளரின் மகள்,
தகப்பன் பெயரில் வரைபடம் வரைகிறவள்.
குதிரைவண்டியின் அச்சு முறிந்து
(முறியத்தானே வேண்டும்)
ஒரு விடுதி, ஒரு அறை,
அறைக்குள், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
ஒரே ஒரு கட்டில்.

இதோடு நாற்பத்து மூன்று புத்தகங்களில்
இந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டேன்.
அலுக்கவில்லை.
சோறு அலுத்ததா?

ஒரு கையுறையைக் கழற்ற நான்கு பக்கம்.
நான்கு பக்கம்!
முத்துப் பொத்தான் ஒவ்வொன்றாக.
நானும் தினமும் கழற்றுகிறேன்
ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு சோடி,
பல்லால் கடித்து இழுத்து.
யாருக்கும் மூச்சு முட்டியதில்லை.

முதல் இருபது புத்தகத்துக்கும்
ஓட்டுநர் கையேட்டின் அட்டையை மாட்டி வைத்திருந்தேன்.
பதவி உயர்வுக்குப் படிக்கிறேன் என்று
குர்விந்தர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.
இப்போது மாட்டுவதில்லை.
அட்டையில் இரண்டு பாவாடை, ஒரு புயல்,
கிட்டத்தட்ட ஒரு முத்தம்.

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பேன்.
மோசடி என்கிறாள் நூலகத்து ஒக்சானா.
இல்லை, காப்புறுதி.
யாரும் சாகக்கூடாது.
கடைசி அத்தியாயத்தில் இருமல் தொடங்கக்கூடாது.
ஒருத்தியை எவனுக்காவது கட்டிக்கொடுத்து
மற்றவளை யன்னலோரம் நிறுத்தக்கூடாது.
அப்படி முடிந்த கதைகள்
எனக்குப் போதுமான அளவு தெரியும்;
அவற்றுக்கு நூலக அட்டை தேவையில்லை.

பழைய குடும்பங்களின் வரலாற்றில்
ஒரு வரி வரும்:
‘மணமாகாதவர். தோழியுடன் வாழ்ந்தார்.’
அந்தத் ‘தோழி’யின் கதவைத் தள்ளி
உள்ளே போய், அடுப்பு மூட்டி,
ஈரக் காலுறைகளைக் காயப் போட்டு
முந்நூறு பக்கம் தங்குகின்றன இந்த நாவல்கள்.

தமிழிலும் இருக்கிறாள் அவள்.
பள்ளியில் படித்த அகப்பாட்டில் பாதி அவள் பேசியதுதான்.
தூது போவாள், தாயிடம் பொய் சொல்வாள்,
இரவுக்குறிக்குக் காவல் நிற்பாள்.
தலைவியின் தோள் மெலிந்ததை
தலைவிக்கு முன்பே காண்பாள்.
ஒவ்வொரு நாளும் அந்தத் தோளை
அவ்வளவு கவனமாய்ப் பார்த்தது ஏன்?
பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை.
வராத கேள்விக்கு
விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதி,
அடித்து,
தாளையே மாற்றிக் கேட்டேன்.

கதவில் தட்டல்.
ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியின் லிகாயா,
இமையெல்லாம் பனி.
நேரத்துக்கு முன் திறக்கக்கூடாது என்பது விதி.
திறந்தேன்.
அட்டையைப் பார்த்தாள்.
“விடுதிக்கு வந்துவிட்டார்களா?”
“இப்போதுதான். அச்சு முறிந்தது.”
“கட்டில்?”
“ஒன்று.”
நாங்கள் சிரித்த சிரிப்பில்
முன்கண்ணாடி புகைந்துபோனது.
“நூற்றெண்பதாம் பக்கத்தை மட்டும்
ஓட்டும்போது நினைத்துவிடாதே” என்றாள்.

வானொலி கரகரத்தது:
இரண்டு நிமிடம் தாமதம், என்ன காரணம்?
“பனி” என்றேன்.
எந்த நூற்றாண்டுப் பனி என்று
அவர்கள் கேட்கவில்லை.

வழக்கமாய் அவளுக்குக் கடைசி இருக்கை.
இன்று முன்னால், கதவோரம்.
கையுறையைக் கழற்றுகிறாள்.
நான் பார்க்கவில்லை, வீதி வழுக்குகிறது.
ஒரே ஒரு முறை, கண்ணாடியில்,
சந்தியில் சிவப்பு விழுந்தபோது.
வெறும் கம்பளிதான்.
பொத்தான் ஒன்றுமில்லை.
இருந்தாலும்.